வண்டி அப்பா பேரில்

புது பைக் எடுக்க வரும் பையன்கள் திருவண்ணாமலை ஷோரூம்களில் கேட்கும் முதல் கேள்வி, "ஆன்ரோடு எவ்ளோண்ணா வரும்?" கவுன்டரில் இருப்பவர் கால்குலேட்டரைத் தட்டிக்கொண்டே ஒரு சீட்டில் எழுதிக்கொண்டு போவார். எக்ஸ்-ஷோரூம் விலை, லைஃப் டாக்ஸ், பதிவுச் செலவு, இன்சூரன்ஸ், ஹெல்மெட், கிராஷ் கார்டு. லைஃப் டாக்ஸ் 2023 நவம்பரில் ஏறிய கதை ஊருக்கே தெரியும். லட்ச ரூபாய் வண்டி வரை 10 சதவீதம், அதைத் தாண்டினால் 12. அதைப் பற்றி யாரும் பேரம் பேசுவதில்லை. இன்சூரன்ஸ் வரிக்கு வந்ததும்தான் கூட வந்த அப்பா சீட்டைக் கையில் வாங்குவார்.

"இது இன்னாப்பா, வருஷத்துக்கா?"

"இல்லீங்க, அஞ்சு வருஷத்துக்குச் சேத்து. கோர்ட் ஆர்டர்."

அந்த கோர்ட் ஆர்டருக்குப் பின்னால் இருப்பவர் நம்ம கோயம்புத்தூர்க்காரர். எலும்பு முறிவு மருத்துவர் எஸ்.ராஜசேகரன், சாலை விபத்துகளைக் குறைக்க வழி செய்யும்படி 2012-ல் உச்ச நீதிமன்றத்தில் போட்ட பொதுநல வழக்கு அது. அதன் தொடர்ச்சியாக 2018 ஜூலையில் நீதிமன்றம் சொன்னது: புது காருக்கு மூன்று வருட, புது இருசக்கர வாகனத்துக்கு ஐந்து வருட தேர்டு பார்ட்டி காப்பீட்டை வாங்கும்போதே எடுத்துவிட வேண்டும். 2018 செப்டம்பர் 1 முதல் அமல். நியாயமான காரணம் இருந்தது. முதல் வருடம் ஷோரூமில் கட்டுவதோடு சரி, இரண்டாம் வருடம் யாரும் புதுப்பிப்பதில்லை. இன்றைக்கும் இந்தியச் சாலைகளில் பாதிக்கும் மேற்பட்ட வண்டிகளுக்குக் காப்பீடு கிடையாது. அவற்றில் பெரும்பகுதி இருசக்கர வண்டிகள்.

நோக்கம் நல்லதுதான், ஆனால் பாரம் விழுந்தது முதல் வண்டி வாங்குகிறவன் தலையில். 2022 ஜூன் 1 முதல் அமலான கட்டணப்படி, 75-க்கு மேல் 150 சிசி வரையிலான பைக்குக்கு ஐந்து வருடத்துக்கு 3,851 ரூபாய். 150-ஐத் தாண்டி 350 வரை 7,365. அதற்கும் மேலே 15,117. எல்லாவற்றுக்கும் மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி. பல்சர் 150 முதல் கட்டத்துக்குள் நிற்கிறது. பையன்கள் ஆசைப்படும் ஆர்15-ன் இன்ஜின் 155 சிசி. அந்த ஐந்து சிசிக்காகக் காப்பீடு கிட்டத்தட்ட இரட்டிப்பாகிறது. காருக்கு மூன்று வருடக் கணக்கு: 1000 சிசி வரை 6,521, 1500 வரை 10,640, அதற்கு மேல் 24,596. இதெல்லாம் எதிராளிக்கான காப்பு மட்டும். நம் வண்டி நசுங்கினால் பார்க்க வேண்டியது தனி பிரீமியம்.

எழுபதுகளிலும் எண்பதுகளிலும் இந்தப் பேச்சே இந்த ஊரில் எழுந்திருக்காது. அப்போது நாம் வட ஆர்க்காடு மாவட்டம். பெரிய காரியம் எதற்கும் வேலூருக்கு பஸ் ஏற வேண்டும். திருவண்ணாமலை தனி மாவட்டமானது 1989 செப்டம்பரில், டிஎன் 25 என்ற எண் அதற்குப் பிறகு வந்தது. கார் வைத்திருந்தவர்களை விரல் விட்டு எண்ணலாம்: ரைஸ் மில்காரர்கள், ஜவுளிக்கடை முதலாளிகள், சில டாக்டர்கள், வக்கீல்கள். அம்பாசிடர், ஃபியட், எப்போதாவது சென்னையில் தயாரான ஒரு ஸ்டாண்டர்ட் ஹெரால்டு. முதலாளி பின் சீட்டில் இருப்பார். ஓட்டுகிறவர் கிளீனராகச் சேர்ந்து, கார் கழுவி, டயர் மாற்றி, ரேடியேட்டருக்குத் தண்ணீர் ஊற்றிச் சில வருடம் தள்ளிய பிறகே ஸ்டீயரிங்கைத் தொட்டவர். முழு டிரைவர் என்று பேர் வாங்குவதற்குள் காதோரம் நரைத்திருக்கும். மில்காரர் வீட்டுப் பையன் காரைத் தொட்டால் டிரைவரே திட்டுவார், "தம்பி, இறங்குங்க, அப்பா வந்தா என்னைத்தான் கேப்பாரு."

பையன்களுக்கு இருந்தது சைக்கிள். 1980-ல் டிவிஎஸ் 50 வந்த பிறகு, கொஞ்சம் வசதியான வீடுகளில் அது. கியர் இல்லாத, 50 சிசிக்கு உட்பட்ட வண்டிக்கு 16 வயதிலேயே லைசென்ஸ் வாங்கலாம் என்று சட்டம் இடம் கொடுத்தது.

காப்பீடும் அந்தக் காலத்துக்கு ஏற்ற மாதிரியே இருந்தது. 1946-லேயே எதிராளிக் காப்பீடு கட்டாயமாகிவிட்டது. 1973 தொடக்கத்தில் தனியார் பொதுக் காப்பீட்டு நிறுவனங்களை எல்லாம் அரசு எடுத்து நான்கு நிறுவனங்களாக்கியது. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட யுனைடெட் இந்தியா அதில் ஒன்று. நான்கில் எதில் போட்டாலும் ஒரே ரேட், ஒரே டாரிஃப் புத்தகம். அதனால் ஏஜென்ட் யார் என்பதுதான் கேள்வி, கம்பெனி எது என்பதல்ல. ஏஜென்ட் ஒரு ரெக்ஸின் பையோடு வருவார். பையில் கவர் நோட் புத்தகம், கார்பன் பேப்பர், ஒரு பென்சில். பானெட்டைத் திறந்து, சேசிஸ் நம்பர் பொறித்த தகட்டில் மெல்லிய தாளை வைத்து, பென்சிலைச் சாய்த்துத் தேய்ப்பார். எண்கள் தாளில் வெள்ளையாக எழுந்து வரும். ஒரு எண் மங்கலாக வந்தாலும் தாளை மாற்றி மறுபடி தேய்ப்பார். வண்டி நிஜமாகவே இருக்கிறது, இதே வண்டிதான் என்பதற்கு அதுதான் சாட்சி. பிறகு கார்பன் வைத்து அழுத்தி எழுதி, மேல் தாளைக் கிழித்துக் கொடுப்பார்.

அந்த கவர் நோட்டில் இன்ஜின் கொள்ளளவு இருக்கும், வண்டியின் மதிப்பும் வயதும் இருக்கும், எந்த மண்டலம் என்பதும் இருக்கும். 2002-ல் வந்த அகில இந்திய டாரிஃபிலும் இதே முறைதான். சென்னை, பெங்களூரு, மும்பை போன்ற எட்டு பெருநகரங்கள் ஏ மண்டலம். மற்ற ஊர்களோடு நாம் பி மண்டலம், ரேட் சற்றே குறைவு. ஓட்டுபவரின் வயது என்று ஒரு கட்டம் அதில் இல்லை. எவரும் கேட்கவுமில்லை. ஓட்டுகிறவர்கள் எல்லாம் நாற்பதைத் தொட்டவர்களாக இருந்த ஊரில் கேட்டுத்தான் என்ன ஆகப்போகிறது.

இன்று ஓட்டுகிறவர்கள் இருபதில் இருக்கிறார்கள். எதிராளிக் காப்பீட்டுக் கட்டணத்தில் வயதுக் கட்டம் இன்னும் வரவில்லை.

லண்டனிலோ டொரன்டோவிலோ இருக்கும் உறவுக்காரர்களிடம் இதைச் சொன்னால் பொறாமைப்படுவார்கள். அங்கே பதினெட்டு வயதுப் பையன் பழைய சின்ன கார் வாங்கினால், சில சமயம் காரின் விலையைவிடக் காப்பீடு அதிகம். பிரிட்டனில் பெண்களுக்குக் குறைத்தும் பையன்களுக்குக் கூட்டியும் போட்டுக்கொண்டிருந்ததை ஐரோப்பிய நீதிமன்றம் 2011-ல் தடுத்தது. 2012 டிசம்பர் 21 முதல் அங்கே ஆண் பெண் ஒரே ரேட். வயது மட்டும் அப்படியே நிற்கிறது. அதிலிருந்து தப்பிக்க, மகன் ஓட்டும் காரை அப்பா ஓட்டுவதாகச் சொல்லி அப்பா பேரில் பாலிசி எடுப்பார்கள். பிரிட்டனில் அது மோசடி. கண்டுபிடித்தால் பாலிசியே செல்லாது.

நம் ஊரில் அதுதான் வழக்கம். "வண்டி யார் பேர்ல?" என்று கேட்டால் பாதிப் பேர் சொல்லும் பதில், "அப்பா பேர்ல." இங்கே அது குற்றமும் இல்லை. லோன் அப்பா பேரில் சுலபமாகக் கிடைக்கும் என்பது ஒரு காரணம். காப்பீட்டிலும் ஒரு கணக்கு இருக்கிறது. ஒரு வருடம் கிளைம் இல்லாமல் ஓட்டினால் சொந்தச் சேதப் பிரீமியத்தில் 20 சதவீதம் தள்ளுபடி. அது 25, 35, 45 என்று ஏறி ஐந்தாம் வருடம் 50 சதவீதத்தில் நிற்கும். நோ கிளைம் போனஸ். இது வண்டியோடு போவதில்லை, வண்டிக்காரரோடு போகும். அப்பா பழைய மாருதியை விற்றுவிட்டுப் புது ஸ்விஃப்டைத் தன் பேரில் எடுத்தால் அந்த 50 சதவீதம் கூட வரும். மகன் தன் பேரில் எடுத்தால் பூஜ்யத்திலிருந்து தொடங்க வேண்டும். உயிரோடு இருக்கும் அப்பாவின் போனஸ் மகனுக்கு மாறாது. வயது என்ற வார்த்தையே எழுதாமல் இளையவனிடம் கூடுதலாக வாங்கும் இடம் இது.

சில ஆயிரம் மிச்சம். ஆனால் அதன் மறுபக்கத்தை ஷோரூமில் யாரும் விளக்குவதில்லை. பாலிசியோடு சேர்த்து எடுக்கும் 15 லட்ச ரூபாய் தனிநபர் விபத்துக் காப்பு, ஆர்.சி. புத்தகத்தில் பேர் இருக்கிற, லைசென்ஸ் உள்ள உரிமையாளருக்கானது. வண்டி அப்பா பேரில் இருந்து, மகன் தன்னந்தனியாக ஓட்டிப்போய்ப் புளியமரத்தில் மோதி இறந்தால், அந்த 15 லட்சம் அவன் கணக்கில் வராது. இரவல் வாங்கி ஓட்டியவர் உரிமையாளரின் இடத்தில் நிற்கிறார், எனவே அவர் குடும்பம் அந்த வண்டியின் காப்பீட்டிலேயே மூன்றாம் நபராக நஷ்டஈடு கேட்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2009-ல் நிங்கம்மா வழக்கில் சொல்லிவிட்டது. இன்னும் கொஞ்சம் சேர்த்துக் கட்டினால் பெயர் குறிப்பிடாத பயணிகளுக்கும் ஓட்டுநருக்கும் காப்பு எடுக்கலாம். ஆன்ரோடு விலையில் ஐந்நூறைக் குறைக்கச் சண்டை போடும் நாம் முதலில் வெட்டச் சொல்வது அதைத்தான்.

பிரீமியம் ஏன் ஏறியது என்பதற்கும் இளைஞர்கள்தான் ஒரு வகையில் காரணம். 2007-ல் சொந்தச் சேதக் கட்டணத்தைக் கம்பெனிகளின் விருப்பத்துக்கு விட்டார்கள். எதிராளிக் காப்பீட்டை மட்டும் அரசுத் தரப்பே நிர்ணயித்துவருகிறது. அன்று 1000 சிசி காருக்கு வருடம் 670 ரூபாய், 1500 சிசி வரை 800. 2022-ல் அவை 2,094, 3,416. இடையில் நஷ்டஈட்டுக் கணக்கு ஒழுங்குக்கு வந்தது. 2009-ல் சர்லா வர்மா வழக்கில் உச்ச நீதிமன்றம் ஒரு அட்டவணையை நிலைநாட்டியது. இறந்தவரின் ஆண்டு வருமானத்தை எத்தனையால் பெருக்க வேண்டும் என்று. 15 முதல் 25 வயது வரை 18 மடங்கு. 61 முதல் 65 வயது வரை 7. 2017-ல் பிரணய் சேத்தி தீர்ப்பு, நாற்பது வயதுக்கு உட்பட்டு சொந்தத் தொழில் செய்பவரானால் வருங்கால உயர்வுக்காக 40 சதவீதம் கூட்டச் சொன்னது.

போட்டுப் பார்க்கலாம். மாதம் 15,000 சம்பாதிக்கும் 22 வயது மெக்கானிக், கல்யாணமாகவில்லை. ஆண்டுக்கு 1,80,000. நாற்பது சதவீதம் கூட்டினால் 2,52,000. கல்யாணமாகாதவர் என்பதால் சொந்தச் செலவுக்குப் பாதி கழித்து 1,26,000. பதினெட்டால் பெருக்கினால் 22,68,000 ரூபாய். ஈமச்சடங்கு போன்ற சில தலைப்புகள் தனி. மாவட்ட நீதிமன்றத்து விபத்து வழக்குகளில் வக்கீல்கள் மனப்பாடமாகச் சொல்லும் கணக்கு இது. பிரீமியம் அட்டவணையில் இல்லாத வயது, நஷ்டஈட்டு அட்டவணையில் முதல் வரியிலேயே உட்கார்ந்திருக்கிறது. இந்தப் பக்கத்துச் சாலைகளைப் பார்த்தவர்களுக்கு இது வெறும் கணக்கு இல்லை. 2023 அக்டோபரில் மட்டும் செங்கம் அருகே நடந்த இரண்டு கார் விபத்துகளில் தலா ஏழு பேர் இறந்தார்கள்.

லைசென்ஸே இல்லாத பையன் ஓட்டியிருந்தால்? அடிபட்டவருக்குக் கம்பெனி முதலில் கொடுத்துவிடும், பிறகு வண்டி உரிமையாளரிடமிருந்து வசூலித்துக்கொள்ளும். 2004-ல் ஸ்வரண் சிங் வழக்கிலிருந்து நிலைத்துவிட்ட முறை. மேலே சொன்ன 22 லட்சம் அப்பாவின் வீட்டுக் கதவைத் தட்டும். பையன் பதினெட்டுக்குக் கீழே என்றால் 2019 திருத்தச் சட்டப்படி பெற்றோருக்கோ உரிமையாளருக்கோ 25,000 ரூபாய் அபராதமும் மூன்று வருடம் வரை சிறையும், வண்டிப் பதிவு ஒரு வருடம் ரத்தும். இதைத் தெரிந்துகொண்டே பிளஸ் டூ பையனிடம் சாவியைக் கொடுக்கும் வீடுகளை நம் தெருவிலேயே காட்டலாம்.

இந்த ஊருக்கே உரிய சிக்கல் மஞ்சள் போர்டில் இருக்கிறது.

பௌர்ணமிக் கூட்டம் வருடா வருடம் பெருகுகிறது. தெலுங்கு பேசும் பக்தர்கள் இப்போது மாதந்தவறாமல் வருகிறார்கள். பெங்களூருக்காரர்கள் கிருஷ்ணகிரி, செங்கம் வழியாக வந்திறங்குகிறார்கள். பதினான்கு கிலோமீட்டர் கிரிவலம் நடந்து முடித்தவர் அதற்கு மேல் பஸ்ஸுக்கு நிற்க மாட்டார். இதை நம்பி இருபத்திரண்டு, இருபத்து மூன்று வயதுப் பையன்கள் லோன் போட்டு டிசையர், எர்டிகா எடுத்திருக்கிறார்கள். வாடகை வண்டி ஓட்ட சட்டப்படி இருபது வயது வேண்டும், அது தனி. ஏழு பேர் அமரும் எர்டிகாவின் இன்ஜின் 1500 சிசிக்குள். ஓன் போர்டாக இருந்தால் வருடாந்திர எதிராளிக் காப்பீடு 3,416. அதே வண்டி டி-போர்டானால் அடிப்படை 7,940, ஆறு பயணிகளுக்குத் தலைக்கு 978 வீதம் 5,868, ஆக 13,808. நான்கு மடங்கு. ஜிஎஸ்டியோடு பதினாறாயிரத்தைத் தாண்டும். பெர்மிட், எஃப்.சி., மாதத் தவணை எல்லாம் இதற்கு வெளியே.

பெரும்பகுதி வருமானம் பௌர்ணமியிலும் கார்த்திகை தீபத்திலும் வருகிற ஊரில், வருடம் முழுக்க ஓடும் சென்னை டாக்சிக்குரிய அதே எதிராளிக் கட்டணம் என்பது சரியாகப் படவில்லை. விளைவு கண்ணெதிரே இருக்கிறது. வெள்ளை நம்பர் பிளேட் வண்டிகள் சவாரி ஏற்றுகின்றன. "கேட்டா சொந்தக்காரங்கன்னு சொல்லிடுங்க சார்" என்று வழியிலேயே சொல்லிக்கொடுப்பார்கள். முறையாகக் கட்டும் டி-போர்டுக்காரர்களின் வயிற்றெரிச்சல் ஒரு பக்கம். மறுபக்கம், சொந்த உபயோகத்துக்கான பாலிசி வாடகை ஓட்டத்தை ஏற்பதில்லை. விபத்து நடந்து, பயணிகள் பணம் கொடுத்தது போலீஸ் விசாரணையில் தெரிந்தால், வண்டிச் சேதத்துக்குக் கிளைம் கிடைக்காது. மற்றவர்களுக்குக் கொடுத்ததைக் கம்பெனி அந்தப் பையனிடமே திருப்பிக் கேட்கலாம். ரமணாசிரமத்துப் பக்கம் வெளிநாட்டவருக்கு நாள் வாடகைக்கு விடும் வெள்ளை பிளேட் ஸ்கூட்டிகளுக்கும் இதே கதைதான்.

பேட்ஜ் தகராறு ஒன்று மட்டும் தீர்ந்தது. சாதாரண கார் லைசென்ஸ் வைத்திருப்பவர் டாக்சி ஓட்டினார், பேட்ஜ் இல்லை, ஆகவே பணம் தர மாட்டோம் என்று கம்பெனிகள் பல வருடம் வாதாடின. 7,500 கிலோவுக்கு உட்பட்ட வண்டிக்கு கார் லைசென்ஸே போதும் என்று 2017-ல் உச்ச நீதிமன்றம் சொன்னதை 2024 நவம்பரில் ஐந்து நீதிபதிகள் அமர்வும் உறுதிசெய்தது.

வண்டிக்குள் இருப்பவர்கள் விஷயம் இன்னும் தீரவில்லை. வெறும் தேர்டு பார்ட்டி மட்டும் எடுத்த காரில் நான்கு நண்பர்கள் கிரிவலத்துக்குப் போய் அடிபட்டால், பின் சீட்டில் இருந்தவர்களுக்கு அந்தப் பாலிசியில் இடமில்லை. சொந்தச் சேதத்தையும் சேர்த்து எடுக்கும் பேக்கேஜ் பாலிசியில்தான் உண்டு. 2021 ஆகஸ்டில் சென்னை உயர் நீதிமன்றம், புது வண்டிகள் எல்லாவற்றுக்கும் ஐந்து வருடத்துக்கு ஓட்டுநர், பயணிகள் உட்பட 'பம்பர் டு பம்பர்' காப்பீடு கட்டாயம் என்றது. ஷோரூம்கள் கலங்கின. அடுத்த மாதமே அந்த உத்தரவு திரும்பப் பெறப்பட்டது. அன்றைக்கு அது நின்றிருந்தால் ஆன்ரோடு சீட்டில் இன்சூரன்ஸ் வரி இன்னும் நீண்டிருக்கும். கூடவே பின் சீட்டுப் பையனுக்கும் ஒரு பாதுகாப்பு இருந்திருக்கும். இரண்டையும் சேர்த்துத்தான் எடைபோட வேண்டும்.

இப்போது பென்சிலும் கார்பனும் போய்விட்டன. பையன் போனிலேயே நாலு கம்பெனி ரேட்டை ஒப்பிட்டு, வண்டியைச் சுற்றி வீடியோ எடுத்து அனுப்பி, டீ ஆறுவதற்குள் பாலிசியை வாட்ஸ்அப்பில் வாங்கிவிடுகிறான். அடுத்ததும் வந்துகொண்டிருக்கிறது. போக்குவரத்து விதிமீறலுக்கு ஏற்பப் பிரீமியத்தைக் கூட்டலாம் என்று காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையத்தின் குழு 2021-ல் யோசனை சொன்னது. எவ்வளவு ஓட்டுகிறோம், எப்படி ஓட்டுகிறோம் என்பதைப் பொறுத்து சொந்தச் சேதப் பிரீமியம் வாங்க 2022 ஜூலையில் ஆணையம் அனுமதி கொடுத்தது. ஸ்ரீபெரும்புதூரில் வேலை பார்த்துக்கொண்டு சனி ஞாயிறு மட்டும் ஊர் வந்து காரை எடுக்கும் பையனுக்கு இது லாபம். பிறந்த வருடத்தைப் பார்த்து விலை போடும் லண்டன் வழியைவிட இது எனக்கு உகந்ததாகவே படுகிறது. ஒழுங்காக ஓட்டுகிற இருபது வயதுக்காரன் தறிகெட்டு ஓட்டுகிறவனுக்கும் சேர்த்துக் கட்ட வேண்டியதில்லை.

ஆனால் வெளிநாடுகளில் இத்தகைய கருவிகள் திடீர் பிரேக், வேகம் இவற்றோடு நள்ளிரவு ஓட்டத்தையும் ஆபத்துக் கணக்கில் சேர்க்கின்றன. இங்கே கிரிவலம் முடித்த பெங்களூர் பார்ட்டி வண்டி ஏறுவதே ராத்திரி ஒன்றரை மணிக்கு. டி-போர்டு பையனின் மாதத் தவணை அந்த ஒரு சவாரியில்தான் தேறும். கருவி வருவதற்கு முன்பே டிரைவர் சங்கங்கள் கம்பெனிக்காரர்களைக் கூப்பிட்டு, பௌர்ணமி ராத்திரியை எந்தக் கணக்கில் எழுதுவீர்கள் என்று கேட்டுவைப்பது நல்லது.